நாடகாசிரியரும் நாடகசாலையும்: அயர்லாந்து காட்டும் நெறி

கவிதை ஏட்டிலேயே நிறைவு பெறும். நாடகமோ ஏட்டிலே தொடங்கி அரங்கிலே நிறைவு பெறுவது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரோடு புலவனையும் ஒரே வரிசையில் வைத்து அவர்தம் இலக்கணங்களை உரைக்கின்றது. அரங்குக்கு எழுதுபவன் தனித்து நின்று தொழிற்பட இயலாதென்பதைப் பழந்தமிழர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும். தான் எழுதிய சொல் நடிகர் வாயில் எவ்வாறு ஒலிக்கும், காண்போர் எவ்விடத்தில் நகைப்பர், எவ்விடத்திற் சோர்வர் என்பவற்றைத் தன் நாடகம் மேடையேறக் கண்டவனே கற்றுக்கொள்வான். ஆகவே, ஒரு நாட்டில் நல்ல நாடகாசிரியர் தோன்றவில்லையெனின், ஆற்றலுடையோர் அங்கில்லை என்று முடிவு செய்தல் பொருந்தாது. அவர்களை ஏற்று வளர்க்கும் அரங்கு உண்டா என்பதே முதலில் ஆராயத்தக்கது. அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரிலுள்ள அபே நாடகசாலையின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டப்ளின் மேடைகளை நிரப்பியவை பெரும்பாலும் இலண்டனிலிருந்து வந்த குழுக்களின் நாடகங்களே. அயர்லாந்துக்காரன் என்றால் குடித்து உளறும் கோமாளி என்பது மேடை மரபாகிவிட்டிருந்தது. அந்நாட்டிற் பிறந்த ஒஸ்கார் வைல்ட், பேர்னாட் ஷா போன்றோரும் இலண்டன் சென்றே புகழ் பெற்றனர். இந்நிலையை மாற்றக் கருதிய கவிஞர் யேற்ஸ், கிறெகரி சீமாட்டி முதலியோர் 1899இல் ஐரிஷ் இலக்கிய அரங்கைத் தொடங்கினர். ஆயின், அதற்கெனச் சொந்த நடிகர் இலர். இங்கிலாந்து நடிகரையே அமர்த்த வேண்டியதாயிற்று. பின்னர், பகலிற் பிற தொழில் செய்து ஓய்வு நேரத்தில் நடித்துவந்த ஃபே சகோதரரின் குழுவினர் இவர்களோடு இணைந்தனர். ஹோர்னிமன் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி கட்டடமும் பொருளும் உதவினார். எழுதுவோர், நடிப்போர், இடம் ஆகிய மூன்றும் ஒருங்கு கூடிய பின்னரே, 1904 டிசெம்பர் 27இல் அபே நாடகசாலை திறக்கப்பட்டது.

அவ்வரங்கு நாடகாசிரியருக்குப் புரிந்த உதவிகளை மூவகையாகக் கூறலாம். முதலாவது, எழுதத்தக்க பொருளைச் சுட்டிக்காட்டியமை. 1896இல் பாரிஸ் நகரில் யேற்ஸ் சந்தித்த சிங் என்னும் இளைஞர், பிரெஞ்சு இலக்கியம் பற்றித் திறனாய்வு எழுதிப் பிழைக்க எண்ணியிருந்தார். அயர்லாந்தின் மேற்கேயுள்ள அரன் தீவுகளுக்குச் சென்று, அங்குள்ள மக்களோடு வாழ்ந்து, அதுவரை எவரும் எழுதாத வாழ்வை எழுதுமாறு யேற்ஸ் அவரைத் தூண்டினார். 1898 முதல் 1902 வரை ஐந்து முறை அத்தீவுகளுக்குச் சென்ற சிங், கடலுக்குத் தன் மக்களை ஒருவர்பின் ஒருவராகப் பறிகொடுக்கும் மீனவத் தாயின் துயரை ஓரங்க நாடகமாக்கினார். அத்தீவு மக்களின் பேச்சோசையே அவர் உரைநடைக்கு உயிராயிற்று. கிறெகரி சீமாட்டியும் ஐம்பது வயதை அண்மிய காலத்திலேயே நாடகம் எழுதத் தொடங்கியவர். யேற்ஸின் கவிதை நாடகங்களோடு சேர்த்து நடிப்பதற்கு நகைச்சுவை நாடகங்கள் தேவைப்பட்டன. அத்தேவையே அவரை எழுத வைத்தது.

இரண்டாவது, வந்த பிரதிகளைப் பொறுப்போடு படித்துக் குறை நிறை கூறியமை. நாடகம் அனுப்புவோருக்கென அபே அறிவுரைத் தாள் ஒன்றை வைத்திருந்தது. எழுதுவோன் தான் நேரிற் கண்டும் பட்டும் அறிந்த வாழ்வையே பொருளாகக் கொள்ளல் வேண்டும் என்பது அதன் சாரமாகும். இம்முறையின் பயனை ஷோன் ஓகேசியிடம் காணலாம். டப்ளினிற் கூலித் தொழிலாளியாயிருந்த அவர் அனுப்பிய முதல் நாடகங்கள் ஏற்கப்படவில்லை. ஆயினும், பாத்திரங்களைப் படைப்பதே அவருடைய தனித்திறன் என்பதைக் கிறெகரி சீமாட்டி எடுத்துரைத்தார். அவ்வுரையை ஏற்று, கொள்கை விளக்கத்தைக் குறைத்து, தாம் வாழ்ந்த குடியிருப்புகளின் மாந்தரை ஓகேசி எழுதலானார். 1923இல் ‘துப்பாக்கி வீரனின் நிழல்’ மேடையேறியது. அடுத்த ஆண்டு வந்த ‘யூனோவும் மயிலும்’ பொருள் முட்டுப்பாட்டில் இருந்த அரங்குக்கே பெருந்துணையாயிற்று.

மூன்றாவது, எதிர்ப்பு எழுந்தபோது ஆசிரியரைக் கைவிடாமை. 1907இல் சிங்கின் ‘பிளேபோய்’ நாடகம் நாட்டை இழிவுபடுத்துகின்றதெனக் கூறி அவையோர் கூச்சலிட்டனர். நாடகம் நிறுத்தப்படவில்லை, அரங்கிலேயே வெளிப்படையான விவாதமும் நடத்தப்பட்டது. 1925இல் அரசாங்கம் ஆண்டுக்கு 850 பவுண் வழங்க முன்வந்தது. அதனோடு அரசாங்கத்தின் பிரதிநிதியாக ஒருவர் பணிப்பாளர் சபையில் அமர்ந்தார். ஓகேசியின் ‘கலப்பையும் விண்மீன்களும்’ நாடகத்தில் அவர் திருத்தம் வேண்டியபோது, உதவிப் பணமா சுதந்திரமா என்று தேர வேண்டி வந்தால் சுதந்திரத்தையே தேர்வதாகக் கிறெகரி சீமாட்டி உறுதி கூறினார். 1926இல் அந்நாடகம் மேடையேறிக் கலகம் விளைந்தபோது, யேற்ஸ் தாமே மேடையிலேறிக் கூட்டத்தைக் கடிந்துரைத்தார்.

இத்துணை விழிப்புடன் இயங்கிய அரங்கும் ஒருகாற் சறுக்கியது. 1928இல் ஓகேசி முதலாம் உலகப்போரைப் பொருளாகக் கொண்டு ‘வெள்ளிக் கிண்ணம்’ என்னும் நாடகத்தைப் புதிய முறையில் எழுதியனுப்பினார். அவர் போர்க்களத்தை நேரிற் கண்டவரல்லர் என்பது உள்ளிட்ட காரணங்களைக் கூறி யேற்ஸ் அதனை மறுத்தார். முன்னர் வழிகாட்டிய விதியே இப்போது தடைச்சுவராயிற்று. மறுத்த முறையும் ஓகேசியைப் புண்படுத்தியது. 1929இல் இலண்டனில் அந்நாடகத்தைக் கண்ட கிறெகரி சீமாட்டி, அதனை ஏற்றிருக்க வேண்டுமென வருந்தினார். அபே அதனை மேடையேற்றியது 1935இலேயே. ஓகேசியோ தம் சொந்த அரங்கின் துணையின்றி இங்கிலாந்திலேயே எஞ்சிய நாளைக் கழித்து 1964இல் மறைந்தார்.

பரிசுகளும் பாராட்டுரைகளும் நாடகாசிரியருக்கு ஊக்கமளிக்கலாம். ஆனால் அவை மட்டும் போதா. பிரதியைப் படித்துக் காரணத்தோடு விடை கூறுவோரும், ஒத்திகைக்கு இசையும் நடிகரும், ஒரு நாடகம் தோற்பினும் அடுத்ததை ஏற்கும் பொறுமையும் வேண்டும். அதனினும் மேலாக, வளர்த்தெடுத்த ஆசிரியன் தாம் வகுத்த எல்லையைக் கடந்து செல்லும்போது அவனைப் பின்தொடரும் துணிவும் அரங்குக்கு வேண்டும். அபே பெற்ற வெற்றியும் அடைந்த இழப்பும் ஒருங்கே உணர்த்துவது இதுவேயாகும்.