வரப்புக் கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்

மழைக்குப் பின் வரப்பில் தானாக முளைக்கும் கீழாநெல்லியைக் களையென்று பிடுங்கி எறிகிறீர்களா? இலைகளின் அடியில் வரிசையாகக் காய் தொங்குவதே இதன் அடையாளம். கல்லீரலைக் காப்பதாகக் கருதப்படும் பில்லாந்தின் என்ற வேதிப்பொருள் இலையில்தான் அதிகம். ஆகவே இலை உதிராமல் நிழலில் உலர்த்துங்கள். களைக்கொல்லி தெளித்த வரப்புச் செடி வேண்டவே வேண்டாம்.

1988இல் வெளியான சென்னை ஆய்வில், இதன் பொடியை உட்கொண்ட ஹெபடைடிஸ்-பி கிருமி தாங்கிகள் 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பித்தக்குழாயில் கல் அடைத்து வரும் காமாலை கீழாநெல்லிச் சாற்றுக்குக் கட்டுப்படாது. அதற்கு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.