‘எக்ஸெல்’ என்னும் வினைச்சொல்

ஆங்கிலம் பயிலும் மாணாக்கர், ஒருவர் பிறரினும் சிறத்தலைக் கூற வேண்டுமிடத்து ‘எக்ஸெல்’ என்னும் வினைச்சொல்லை விரும்பி எடுத்தாளுகின்றனர். அதன் பொருளை நாம் எளிதிற் கற்றுக்கொள்கின்றோம். வாக்கியத்தில் அமைக்குங்காலோ தடுமாறுகின்றோம். ஆதலின் அச்சொல்லை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இச்சொல் இலத்தீன் பாஷையினின்று வந்தது. ‘வெளியே’ எனப் பொருள்படும் ‘எக்ஸ்’ என்னும் முன்னொட்டு, உயர்ச்சியைக் குறிக்கும் வினையடியொன்றோடு கூடி இச்சொல்லாயிற்று. சமவெளியின் நடுவே குன்றொன்று உயர்ந்து தோன்றுவதுபோல, சூழ்ந்துள்ளவற்றினின்று மேலெழுந்து நிற்றலே இதன் முதற்பொருளாம்.

இனி, வழு நேரும் இடத்தைக் காண்போம். ‘சகோதரனைக் காட்டிலும் சிறந்தான்’ எனத் தமிழில் எண்ணி எழுதுவோர், ‘காட்டிலும்’ என்பதற்கு ஈடாக, ஒப்புமை காட்டும் ‘தேன்’ என்னும் ஆங்கில இடைச்சொல்லை ‘எக்ஸெல்’ என்பதன்பின் சேர்த்துவிடுகின்றனர். அது பிழை. ‘ஹீ எக்ஸெல்ஸ் ஹிஸ் பிரதர் இன் மியூஸிக்’ என்பதே நேரிது. ‘சகோதரனை விஞ்சினான்’ என நம் மொழியில் இரண்டாம் வேற்றுமை வருதலை நினைவிற்கொள்வோமாயின் இவ்வழு நேராது. செயப்படுபொருளின்றி ‘ஹீ எக்ஸெல்ஸ் இன் மியூஸிக்’ எனினும் அமையும். அப்பொழுது ‘இசையில் மேம்படுகின்றான்’ என்பது பொருள். விஞ்சுதல், மேம்படுதல் என்னும் இரு வினைகளின் தொழிலையும் இவ்வொரு சொல்லே செய்கின்றது.

‘அவுட்டூ’ என்னும் சொல்லோ, விஞ்சப்பட்டார் இன்னார் என்று கூறினாலன்றி நிரம்பாது. ‘எக்ஸீட்’ என்பது பெரும்பாலும் அளவையும் எல்லையையும் கடத்தற்கு உரியது. ‘எக்ஸெல்’ என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையின்மேல் விழுதலின், இறந்தகாலத்தில் அதன் இறுதியெழுத்தை இரட்டித்து எழுதவேண்டும்.

இச்சொல்லுக்குரிய வழக்கு இன்னுமொன்றுண்டு. ‘ஹீ எக்ஸெல்ட் ஹிம்ஸெல்ப்’ என்றால், தன் முந்தைய செயலைத் தானே விஞ்சினான் என்பது பொருள். வகுப்பில் முதலிடம் ஒருவர்க்கே உரியது; ஏனையோர் அதுபற்றி மனங்குன்றுதலும் இயல்பே. ஆயினும், சென்ற ஆண்டின் தன்னை இவ்வாண்டில் விஞ்சுதல் கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் கூடுவதாம். இவ்வினையைக் கற்கும் நாம் அதன் இவ்வழக்கையும் உடன் கற்போமாக.