பூனாகலையிலிருந்து வேலை செய்தால் சம்பளம் குறைய வேண்டுமா?

கொழும்பு கம்பனி ஒன்றில் கணக்கு வேலை பார்க்கும் ஒருவர், போர்டிங் அறையைக் காலிசெய்துவிட்டு பூனாகலைக்கே வந்து, இணையவழியில் அதே வேலையைத் தொடர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஊரில் செலவு குறைவுதானே" என்று சொல்லி கம்பனி அவருடைய சம்பளத்தைக் குறைக்கலாமா?

இந்தக் கேள்வியை முதலில் பெரிதாக்கியவை அமெரிக்க நிறுவனங்கள். வசிக்கும் இடத்துக்கேற்பச் சம்பளம் மாறும் என்று 2020 மே மாதம் பேஸ்புக் அறிவித்தது. கூகுளும் அதே வழியில் சென்றது. ரெடிட் நிறுவனமோ அதே ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்காவுக்குள் இடம் பார்த்துச் சம்பளம் நிர்ணயிப்பதைக் கைவிட்டது.

மலையகத்துக்கு இது புதிய கதையல்ல. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் 1929இல் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச நாட்கூலி வந்தபோது, ஆண்களுக்கு மலைநாட்டில் 54 சதம், இடைநாட்டில் 52, தாழ்நாட்டில் 50 என்று நிர்ணயித்தார்கள். மலையில் வாழச் செலவு அதிகம் என்பது அன்றைய கணக்கு. இன்று அதே மலையைக் காட்டி, செலவு குறைவு என்கிறார்கள்! இன்றைய தேசிய குறைந்தபட்சச் சம்பளம் அப்படி இடம் பார்ப்பதில்லை. 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபா. கொழும்புக்கும் பூனாகலைக்கும் அது ஒன்றே.

அறை வாடகை, சாப்பாட்டுப் பார்சல், பஸ் காசு மிச்சமாவது உண்மைதான். ஆனால் டேட்டா, மின்கட்டணம், கரண்ட் போனால் சமாளிக்க ஒரு பற்றரி எல்லாம் ஊழியரின் தலையில் விழுகின்றன. கம்பனிக்கோ ஒரு மேசையும் அதற்கான வாடகையும் மிச்சம். இரு பக்கமும் மிச்சம் பிடிக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் கணக்கெடுத்துச் சம்பளத்தில் கைவைப்பது நியாயமாகப்படவில்லை.

போக்குவரத்துக் கொடுப்பனவை நிறுத்தினால் அதைக் குறை சொல்ல முடியாது, பயணமே இல்லையே. அடிப்படைச் சம்பளம் வேறு விடயம். அது வேலைக்கான விலை. அதைக் குறைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு கம்பனி செலுத்தும் 12 சதவீதமும் ஊழியரின் 8 சதவீதமும் சேர்ந்தே சுருங்கும். பின்னர் கொழும்புக்குத் திரும்பினாலும் அந்த இழப்பு ஈடாகாது.

ஆகவே ஊருக்கு வருமுன் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அடிப்படைச் சம்பளம் மாறாது என்பது, இணையச் செலவு யாருடையது, அலுவலகத்துக்கு அழைத்தால் பயணக் காசு யார் தருவது.