அசலும் பிரதியும்: பழம்பட்டைக் கண்டறிவது பற்றிச் சில குறிப்புகள்

1

தமிழில் 'பிரதி' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் அது நகல். நம் பத்திரிகைகளில் அது வாசிக்கப்பட வேண்டிய ஒன்று. இரண்டாவது அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு நாம் எழுதிக் குவித்திருக்கிறோம். முதல் அர்த்தத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இந்தக் கட்டுரை முதல் அர்த்தத்தைப் பற்றியது. ஒரு பொருள் அசலா, பிரதியா என்று எப்படிச் சொல்கிறோம்? அப்படிச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

எனக்கு ஊர் திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்துக்காரர்கள் ஜினகாஞ்சி என்பார்கள். பெயரில் இருப்பது பருத்தி, தறியில் இருப்பது பட்டு. திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அரசின் அமைச்சன் இருகப்பன் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டினான். அதன் விதானத்தில் ரிஷபநாதர், வர்த்தமானர் கதைகள் ஓவியமாக இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருபவர்கள் அண்ணாந்து பார்த்து 'அறுநூறு வருஷம்' என்று வியக்கிறார்கள். ஆனால் இன்று கண்ணுக்குத் தெரிபவற்றில் பெரும்பகுதி பின்னாட்களில் மேலே தீட்டப்பட்டது. பழையது அடியில், புதியது மேலே. இதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. கும்பிட வருகிறவருக்கும் கதை பார்க்க வருகிறவருக்கும் அது ஒரு பிரச்சினையே இல்லை. விலை பேச வருகிறவன் நுழைந்த பிறகுதான் 'அசல்' என்ற சொல் பிரச்சினையாகிறது.

2

சில வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு கண்காட்சி. யார் நடத்தியது என்பது முக்கியமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அரக்குச் சிவப்பில் ஒரு புடவை, அன்னம் வரிசையாகப் போகும் பச்சைக் கரை. பக்கத்தில் சீட்டு: 'காஞ்சிபுரம், சுமார் 1910, தனியார் சேகரிப்பு'. என் பெரியப்பா கூட வந்திருந்தார். ஐம்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "டேய், இது நம்ம தறிடா. அன்னத்துக்குக் கண்ணு இருக்குதா பாரு."

கண் இல்லை. ஒரு அன்னத்துக்கும் இல்லை. நான் நாலாவது, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த சமயம் ஒரு வியாபாரி கந்தலாகிப்போன பழம்புடவை ஒன்றைக் கொண்டுவந்து 'இதே மாதிரி வேணும்' என்றார். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டை அடித்தவர் ஒரு துளையை விட்டுவிட்டார். மறுபடி அடிக்கச் செலவாகும் என்பதால் அப்படியே ஓட்டச் சொன்னார்கள். கரை முழுக்கக் குருட்டு அன்னங்கள். கூலி வாங்கினோம், மறந்தோம். இருபது வருஷம் கழித்து அது நூறு வயதுப் புடவையாக எங்கள் முன்னால் நின்றது.

அன்றிலிருந்து பழம்பொருள் சேகரிப்பு பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்து வருகிறேன். எதிர்பாராமல் அதிகம் கற்றுக்கொண்டது ஜப்பானியச் சாமுராய் கவசங்களிடமிருந்து.

3

காஞ்சிபுரத்துக்கும் சாமுராய் கவசத்துக்கும் என்ன சம்பந்தம்? பட்டு. அந்தக் கவசம் ஒரே இரும்புச் சட்டை கிடையாது. அரக்குப் பூசிய இரும்பு அல்லது தோல் செதில்களையும் தகடுகளையும் துளையிட்டு, பட்டுக் கயிறுகளால் வரிசை வரிசையாகக் கோர்த்தது. போர்வீரனை நிமிர்த்தி நிறுத்தியது இரும்பு மட்டுமில்லை, பட்டு முறுக்கும்தான். (நம் பட்டுக்கும் ஜப்பானுக்கும் வேறொரு உறவும் உண்டு. 1896ல் ஜாம்ஷெட்ஜி டாடா பெங்களூரில் பட்டுப்பண்ணை தொடங்கியபோது தொழில் சொல்லித்தர வந்தவர்கள் ஜப்பானியர்கள். நம் தறிக்கு நூல் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.)

1868க்குப் பிறகு மெய்ஜி அரசு சாமுராய்களின் சலுகைகளை ஒவ்வொன்றாகப் பறித்தது. 1876ல் பொது இடத்தில் வாள் அணிவதும் தடைசெய்யப்பட்டது. வேலையிழந்த வர்க்கத்தின் கவசங்கள் கடைத்தெருவுக்கு வந்து, ஐரோப்பிய, அமெரிக்க வரவேற்பறைகளுக்குக் கப்பலேறின. வாங்க ஆள் இருந்தால் பொருளும் வந்துகொண்டே இருக்கும். நாலு கவசங்களின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் கட்டினார்கள், புதிதாகவும் செய்தார்கள். இன்றும் திருவிழாவுக்கும் சினிமாவுக்கும் செய்கிறார்கள். அதில் ஏமாற்று இல்லை. அதே பொருளின் மீது 'எடோ காலம்' என்று சீட்டு ஒட்டும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது.

கண்டுபிடிப்பது எப்படி? மரச்சாறு அரக்கைப் பல படிகளாகப் பூசி வந்த ஆழம் ஸ்பிரே பெயிண்டுக்கு வராது. இயந்திரத்தில் அடித்த தகடுகளில் துளைகள் ஒரே இடைவெளியில், ஒரே விட்டத்தில் இருக்கும். இரும்புக்குப் பதில் அலுமினியம் என்றால் தூக்கினாலே தெரிந்துவிடும். உடம்பில் அணிந்ததானால் வியர்வை உள்துணியில் குறிப்பிட்ட இடங்களில் கறை வைத்திருக்கும், தோள் கயிறு மற்றக் கயிறுகளை விடத் தேய்ந்திருக்கும். ஆனால் பட்டுக்கயிறு புதிதாக இருப்பதால் மட்டும் கவசம் போலியாகிவிடாது. பட்டு இரும்பைவிட முன்னால் மட்கும். தலைமுறைக்கு ஒருமுறை மாற்றிக் கோர்ப்பது வழக்கமான பராமரிப்பு. எங்கள் ஊர் விதானம் மாதிரி.

இன்னொன்று, கையொப்பம். தலைக்கவசத்தின் உட்புறத்தில் கொல்லன் பெயர் பொறித்திருக்கும். பெயருக்கு விலை உண்டு என்றால் பெயரையும் போலி செய்வார்கள். மியோச்சின் என்று புகழ்பெற்ற கவசக் கொல்லர் குடும்பம் ஒன்று. எடோ காலத்தில் அந்தக் குடும்பமே பழைய கவசங்களுக்கு 'இது எங்கள் முன்னோர் செய்தது' என்று சான்று எழுதிக் கொடுத்தது. அவற்றில் பலவற்றை இன்றைய ஆய்வாளர்கள் நம்புவதில்லை. சான்றிதழே ஒரு கதையாடல்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

4

இனி நம் புடவைக்கு வருவோம். வாசகர்களில் பலர் வீட்டில் பாட்டியின் புடவை ஒன்று இருக்கும். அதைச் சோதிக்க நாலு இடம் உண்டு.

முதலாவது ஜரிகை. நல்ல ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளித் தகட்டிழை, அதன்மேல் தங்க முலாம். தேய்த்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு நூல் தெரியும் என்பது கடைத்தெரு சோதனை. சிவப்புச் சாயம் செயற்கை நூலிலும் ஏறும் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது. பழைய ஜரிகையில் முலாம் போனபின் வெள்ளி கறுக்கும். செம்பு ஜரிகை செம்மை காட்டும், பச்சையும் பிடிக்கும். உலோகம் பூசிய பாலியெஸ்டர் ஜரிகை மங்காமல் மினுக்கும். பாலியெஸ்டர் 1940களில் கண்டுபிடித்தது. ஆக, அந்த ஜரிகை உள்ள புடவைக்கு 1910 என்று வயது சொல்ல முடியாது.

இரண்டாவது சாயம். 1856ல் பெர்க்கின் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்தார், 1897ல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. வேதியியல் சோதனை, 'இந்தச் சாயம் இந்த வருஷத்துக்கு முன் இருந்திருக்க முடியாது' என்ற அளவுக்குத்தான் சொல்லும். அதற்குப் பின் எப்போது என்று சொல்லாது. பழமையை மறுக்க உதவும், நிரூபிக்க உதவாது.

மூன்றாவது தேய்மானம். இதுதான் எனக்குப் பிடித்தது. போலிக்குப் பழுப்பு ஏற்ற டீத்தண்ணியில் முக்குவார்கள். கறை முழுக்க ஒரே சீராக இருக்கும். பெண்ணொருத்தி உடுத்திய புடவை அப்படிப் பழசாகாது. குதிகால் உரசிய கீழ்க்கரை நைந்திருக்கும். இடுப்பில் செருகிய கொசுவம் மடிப்புக்கு மடிப்பு வெடித்திருக்கும். அக்குள் பக்கம் நிறம் வெளுத்திருக்கும். பெட்டியில் மடித்து வைத்த கோட்டில் பட்டு கிழியும். ஒரு பழம்புடவையை விரித்தால் ஓர் உடம்பின் வரைபடம் கிடைக்கும். அவள் உயரம், நடை, எத்தனை கல்யாணத்துக்குப் போனாள் என்பது வரை. உடம்பின் தடமில்லாத பழம்புடவையை நான் நம்ப மாட்டேன்.

நான்காவது நெசவு. காஞ்சிபுரத்துக்கு அடையாளம் கோர்வை. உடலும் கரையும் வேறுவேறு நிறம், வேறுவேறு ஊடை, சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும். மூன்று நாடா வேண்டும். முந்திக்கு வேறு நிறப் பாவு என்றால் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய இழையை முறுக்கிச் சேர்ப்பார்கள், அது பிட்னி. பூவேலையை முன்பு 'அடை' முறையில் ஆள் இழையைத் தூக்கி நெய்தார்கள். ஜக்கார்டு பெட்டி பின்னால் வந்தது. இரண்டிலும் தவறு நேரும், ஆனால் வேறு வேறு விதமாக. கையால் தூக்கினால் ஒரு அன்னத்துக்குக் கண் விடும், அடுத்ததற்கு மூக்கு கோணும். அட்டையில் ஒரு துளை விட்டால் எல்லா அன்னமும் குருடு. ஆகவே தவறு இருக்கிறதா என்று தேடுவதில் பயனில்லை; தவறு எப்படித் திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும். இயந்திரம் தவறையும் பிரதி எடுக்கும்.

5

வால்ட்டர் பெஞ்சமின் 1930களில், இயந்திர மறுஉற்பத்தியில் கலைப்பொருள் தன் 'ஒளிவட்ட'த்தை இழக்கிறது என்று எழுதினார். சந்தை அந்த ஒளிவட்டத்தையும் உற்பத்தி செய்யக் கற்றுக்கொண்டது என்பதுதான் நாம் பார்க்கும் நிலைமை. சிவபுரம் நடராசர் விஷயம் நினைவிருக்கலாம். 1951ல் மண்ணிலிருந்து கிடைத்த சோழர் காலச் செப்புத்திருமேனி பழுதுபார்க்கப் போனது. கோயிலுக்குத் திரும்பி வந்தது பிரதி. டக்ளஸ் பாரெட் என்ற ஆய்வாளர் 1965ல் எழுதிய பிறகே விஷயம் வெளியே வந்தது. 1973ல் அசலை அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் வாங்கினார், 1986ல் அது இந்தியா திரும்பியது. இடைப்பட்ட வருஷங்களில் ஊர் கும்பிட்டது பிரதியை. கும்பிட்டவர்களுக்கு அருள் குறைந்ததா? குறைந்தது சந்தை மதிப்பு. இதனால் திருட்டு திருட்டில்லை என்றாகிவிடாது. 'அசல்' என்பது கோயிலில் ஓர் அர்த்தத்திலும் ஏலக்கூடத்தில் வேறோர் அர்த்தத்திலும் வாழ்கிறது என்பதே விஷயம்.

சட்டமும் இதில் வேடிக்கையாக நுழைகிறது. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கினால் அனுப்பலாம். எனவே வியாபாரிக்கு இரண்டு வாய். வாங்குகிறவரிடம் 'பழசு', அதிகாரியிடம் 'புதுசு'. ஒரே புடவை இரண்டு காகிதத்தில் இரண்டு வயதோடு வாழும்.

மற்ற முத்திரைகள்? புவிசார் குறியீடு ஊரைச் சொல்கிறது. சில்க் மார்க் நூலைச் சொல்கிறது. கைத்தறி முத்திரை தறியைச் சொல்கிறது. நெய்தவர் பெயரை எதுவும் சொல்வதில்லை. ஜப்பானியக் கொல்லனிடம் திருட ஒரு கையொப்பமாவது இருந்தது. எங்களிடம் திருட அதுவும் இல்லை.

இதற்கிடையே உண்மையான பழம்புடவைகள் என்ன ஆகின்றன? தெருவில் 'பழைய பட்டுப்புடவை வாங்கறது' என்று குரல் வரும். எடை போட்டு வாங்கிப்போய் எரித்து, சாம்பலை உருக்கி வெள்ளி எடுப்பார்கள். என் அம்மாவின் முகூர்த்தப் புடவை என் கல்லூரிக் கட்டணத்துக்காக அப்படித்தான் போனது. நான் தமிழ் எம்.ஏ. படித்தது அந்தச் சாம்பலில். அசல் உலைக்குப் போகிறது, பிரதி கண்ணாடிப் பெட்டிக்குப் போகிறது. ஆவணக் காப்பகம் எரிந்தால் கூட்டம் போட்டுக் கண்டிக்கிற நாம், பெண்களின் ஆவணங்கள் தெருத் தெருவாக எரிவதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

6

கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்புகிறேன். பெரியப்பா அன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோர்வையைப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் சேரும் கோடு ஒரு பக்கம் நேராகப் போயிருந்தது. மறுபக்கம் ஒரு சாண் நேராக வந்து தளர்ந்தது, மறுபடி நேரானது, மறுபடி தளர்ந்தது. ஒரு தளர்வு போல இன்னொன்று இல்லை. அந்தப் பக்கத்து நாடாவைத் தள்ளியவன் நான். பள்ளிக்கூடம் போகுமுன், வந்தபின், லீவு நாளில் முழுக்க. கை சோர்ந்தபோதெல்லாம் கோடு சோர்ந்திருக்கிறது. "இழுத்துப் பிடிடா" என்ற அவர் குரல் அந்தப் பட்டில் இருக்கிறது.

வல்லுநர்கள் 'கைநெசவின் இயல்பான ஏற்றத்தாழ்வு' என்று சொல்வது பல சமயம் இதைத்தான். கோர்வைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். மலிவான ஆள் பிள்ளைதான். எங்கள் வீட்டிலாவது சொந்தத் தறி. பக்கத்துத் தெருவில் முன்பணத்துக்குப் பிள்ளையை விட்டவர்கள் உண்டு. காஞ்சிபுரம் தறிகளின் குழந்தைக் கொத்தடிமை பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003ல் அறிக்கையே வெளியிட்டது. 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத் தொழிலுக்கு விலக்கு கொடுத்தது. 2016ல் திருத்தியபோதும் பள்ளி நேரத்துக்கு வெளியே குடும்பத்துக்கு உதவலாம் என்று வாசலைத் திறந்தே வைத்தார்கள்.

அப்படியென்றால் போலியைக் கண்டுபிடிக்கும் இந்த அறிவு எதற்கு? சேகரிப்பவருக்குப் பணத்தைக் காப்பாற்ற. நமக்கு வேறு உபயோகம் உண்டு. இதே கண்ணால் பார்த்தால் சீட்டில் எழுதாத உழைப்பு தெரியும். அன்றைக்குச் சீட்டை மாற்றச் சொல்லி நடத்துநரிடம் பேசினேன். ஆதாரம் கேட்டார். குருட்டு அன்னத்தைக் காட்டினேன். "நெசவாளர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றார். அவர் கையில் காகிதம் இருந்தது. எங்களிடம் இருந்தது கை.

வெளியே வந்து டீ குடிக்கும்போது பெரியப்பா சொன்னார்: "வுடுடா. 1910ன்னு போட்டுக்கட்டும். நெசவு நல்லாருக்குன்னு ஒத்துக்கறான் இல்ல."

என்னால் அப்படி விட முடியவில்லை. அந்தப் புடவை 1910ல் நெய்ததில்லை, இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் திருப்பருத்திக்குன்றத்தில் நெய்தது. நெய்தவர் இரண்டு பேர். ஒருவருக்குக் கூலி கிடைத்தது.