அண்ணன்மார் கதையில் வீரன் யார்?

உடுக்கை ஒலி கேட்டால் போதும். கொங்கு நாட்டுக் கிராமங்களில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். விடிய விடிய அண்ணன்மார் கதை நடக்கும். பொன்னர்-சங்கர் கதை என்றாலும் குன்னுடையான் கதை என்றாலும் அதுதான்.

1965-ம் ஆண்டில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ச்சி செய்தார், பிரெண்டா பெக் என்ற மேல்நாட்டுப் பெண்மணி. இந்தக் கதையை அவர் ஒலிநாடாவில் பதிவு செய்தார். பாடி முடிக்க 18 இரவுகள் ஆயின! 1992-ல் அது தமிழும் ஆங்கிலமுமாகச் சென்னையில் புத்தகமாக வந்தது.

இதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைத்துப் படித்தால் என்ன?

17 படிகள்

அமெரிக்க அறிஞர் ஜோசப் கேம்ப்பெல் 1949-ல் ஒரு புத்தகம் எழுதினார். உலகத்து வீரர் கதைகளுக்கெல்லாம் ஒரே எலும்புக்கூடுதான் என்றார். வீரன் வீட்டை விட்டுப் புறப்படுகிறான். சோதனைகளைத் தாண்டுகிறான். ஏதோ ஒரு பேற்றுடன் ஊர் திரும்புகிறான். இதை 17 படிகளாகப் பிரித்துக் காட்டினார்.

பல நாட்டு வகுப்புகளில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால், "இது 3-வது படி, இது 4-வது படி" என்று பையன்கள் கோடு போட்டுக்கொண்டே போனால், கதை எங்கே படிக்கப்படுகிறது?

தகப்பன் திரும்பினான்

குன்னுடையானைப் பாருங்கள். தாய் தகப்பனை இழந்தவன். பங்காளிகளால் துன்பப்பட்டு ஊரை விட்டே போகிறான். வேற்றூரில் மாடு ஆடு மேய்க்கிறான். தாமரையை மணக்கிறான். பிறகு சொந்த நாட்டுக்கே வந்து சேர்கிறான். கேம்ப்பெல் சொன்ன வழி அப்படியே பொருந்துகிறது!

மக்கள் சாமியாகக் கும்பிடுவது யாரை? அவனையா? இல்லை, அவன் பிள்ளைகளை. பொன்னரும் சங்கரும் வீடு திரும்பவே இல்லை. தாமரை தவமிருந்து பெற்ற பிள்ளைகளுக்கு ஆயுள் 16 வயதுதான். கொம்பன் என்ற காட்டுப் பன்றியை வேட்டையாடப் போகிறார்கள். அந்தப் பயணத்திலேயே முடிவு வந்துவிடுகிறது. திரும்பி வருதல் என்ற படியை எங்கே தேடுவது?

இந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்படக் கூடாது. "அப்படியானால் காட்டுக்குள் தேடிப் போனது யார்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கட்டும். யாராவது ஒரு பெண் கையைத் தூக்குவாள். தங்கை அருக்காணித் தங்காள்! அண்ணன்மார் கிடக்கும் இடம் தேடித் தன்னந்தனியாக நடந்தவள் அவள். சற்று நேரத்துக்காவது அவர்களை உயிரோடு எழுப்பியவளும் அவள்தான். தலைப்பில் அவள் பெயர் கிடையாது.

(சிறுவர்களுக்குப் பிடித்த ஆள் வேறு. பெக் பதிவு செய்த கதையில் பொன்னாச்சி என்று ஒரு சின்ன நாய் வருகிறது. வேட்டைக்கு அழைக்கவில்லை என்று அதற்கு மகா கோபம். கடைசியில் அது உதவாமல் கொம்பன் விழவில்லை.)

எதிரியின் பிள்ளைகள்

இன்னொன்றும் உண்டு. கதையில் அண்ணன்மாருக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் வேட்டுவர்கள். அவர்கள் தலைவன் தலையூர்க் காளி. இன்று இரு தரப்பு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணன்மாருக்குத் துணை நின்ற சாம்பானை வணங்கும் வீட்டுப் பிள்ளையும் அங்கே இருப்பான். வீரன் இவன், கெட்டவன் அவன் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவிட்டால், ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும்.

அதற்குப் பதில் வரிவரியாகப் படிக்கச் சொல்லலாம். காடு யாருடையது? முதலில் சண்டைக்குப் போனது யார்? சாம்பானுக்கு என்ன மரியாதை கிடைத்தது? கதையில் பேசுகிறவர் யார், பேசவே விடப்படாதவர் யார்? இவற்றுக்குப் பதில் எலும்புக்கூட்டில் இல்லை. சொற்களில்தான் இருக்கிறது.

கதை ஊருக்கு ஊர் மாறும் என்பதும் வசதிதான். பிள்ளைகளை அப்பத்தாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் ஒன்று சொல்வார்கள். அடுத்த வீட்டில், "அது அப்படி இல்லை கண்ணு" என்பார்கள். இரண்டையும் நோட்டில் எழுதி வரட்டும். எந்த இடத்தில் மாறுகிறது என்று திங்கட்கிழமை வகுப்பில் பார்க்கலாம்.