மலை இங்கே, ஏலம் டில்லியிலே!

ஆரணிப் பட்டு என்றால் நாடறியும். ஆரணிக்குப் பக்கத்திலுள்ள திருமலையை எத்தனை பேர் அறிவர்? பாறையிலே செதுக்கிய 16 அடி நேமிநாதர். இராசேந்திர சோழனின் வெற்றிகளைச் சொல்லும் கல்வெட்டு. சமணர் தவமிருந்த குகை. அந்த மலையடியிலே நின்றபோது நமக்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி நினைவு வந்தது. அங்கும் மலை, அங்கும் சமணர் படுக்கை, அங்கும் பழந்தமிழ்க் கல்வெட்டு. ஆனால், அந்த வட்டாரத்து மண்ணுக்கடியிலே டங்ஸ்டன் இருக்கிறதாம். வந்தது ஏலம்!

2024 நவம்பரில், ஏறத்தாழ 5,000 ஏக்கர் பரப்பை வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் சிங்குக்கு என்று அறிவித்தது மத்திய அரசு. 2018-இல் தூத்துக்குடியில் சிந்திய இரத்தத்தை மறவாத தமிழனுக்கு அந்தக் குழுமத்தின் பெயரை விளக்க வேண்டியதில்லை.

யார் கொடுத்த அதிகாரம்? சுரங்கம் மாநிலப் பட்டியலில் 23-ஆவது இனம். ஆனால் மத்தியப் பட்டியலின் 54-ஆவது இனத்துக்கு உட்பட்டது என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறது. 1957-இல் சட்டம் வந்தது; வால் உடலை விழுங்கிற்று. 2023 திருத்தத்தில் டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் உரிமையும் டில்லிக்கே போயிற்று.

'பணம் மாநிலத்துக்குத்தானே வருகிறது?' என்று கேட்கிறார்கள். வரட்டும். தறி நெசவாளியின் வீட்டிலே இருக்கிறது, கூலியும் வருகிறது. சேலைக்கு விலை வைப்பவன் யார்? ஆரணித் தோழர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

அந்தப் பணத்திலும் எத்தனை வழக்கு! கனிம உரிமைத்தொகையின் மீது தமிழ்நாடு விதித்த மேல்வரி செல்லாது என்று 1989-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. உரிமைத்தொகை வரியே அல்ல, கனிம உரிமைக்கு வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது 2024 சூலையில். முப்பத்தைந்து ஆண்டு!

நைசீரியாவில் 1956-இல் எண்ணெய் கிடைத்த ஊர் ஒலோய்பிரி. எண்ணெய் வற்றியது, கம்பெனி போயிற்று. வறுமை மட்டும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. வறுமைக்கு ஏலம் கேட்க ஆள் ஏது?

அரிட்டாபட்டி மக்கள் அந்தக் கதிக்கு ஆளாக மறுத்தார்கள். 2024 டிசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 சனவரியில் மேலூர்ப் பக்கத்து உழவர்கள் மதுரைக்குப் பேரணியாய் நடந்தார்கள். அதே மாதம் 23-ஆம் நாள் ஏலம் ரத்து! பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ரத்தானது ஏலம், சட்டம் ரத்தாகவில்லை.

நம் திருவண்ணாமலையின் கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத் தாது வெட்டத் திட்டம் வந்தபோது, 2008-இல் கருத்துக் கேட்புக் கூட்டத்திலே சுற்று வட்டார ஊரார் எழுந்து நின்று 'வேண்டாம்' என்றார்கள். மலை இன்றும் நிற்கிறது. அந்தக் கூட்டத்தின் அருமை டில்லிக்கும் தெரிந்துவிட்டது போலும்! 2025 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை விட்டது: அணுக் கனிமம், முக்கியக் கனிமம் ஆகியவற்றின் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்தைக் கேட்கத் தேவையில்லையாம். திரும்பப் பெறுக என்று முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இரும்பு அந்த 24-இல் இல்லை; கவுத்தி மலைக்காரன் இன்னும் வாய் திறக்கலாம். டங்ஸ்டன் கிடக்கும் ஊர்க்காரன் எந்தக் கூட்டத்திலே எழுந்து நிற்பான்?