சண்டித்தனமா, வலியா? நேற்றுவரை சாதுவாக இருந்த குதிரை இன்று முரண்டு பிடிப்பது ஏன்?

2021 ஆகஸ்ட் 6. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மாடர்ன் பென்டத்லான் போட்டி. நீச்சலும் வாள்வீச்சும் முடிந்தபோது ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய்தான் முதலிடத்தில் இருந்தார். தங்கப் பதக்கம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. அடுத்த சுற்று குதிரையேற்றம். குலுக்கலில் அவருக்குக் கிடைத்த குதிரையின் பெயர் செயின்ட் பாய்.

குதிரை நகரவே மறுத்தது. பின்வாங்கியது, பக்கவாட்டில் ஒதுங்கியது, தடையைக் கண்டதும் திரும்பிக்கொண்டது. ஷ்லோய் அழுதுகொண்டே சாட்டையை வீசினார். வேலிக்கு அப்பால் நின்ற பயிற்சியாளர் கிம் ரைஸ்னர், 'அடி' என்று கத்தியதோடு நிற்காமல் தானும் கையை நீட்டிக் குதிரையைக் குத்தினார். உலகமே இதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. ரைஸ்னர் ஒலிம்பிக்கின் எஞ்சிய நாட்களுக்கு வெளியேற்றப்பட்டார். ஷ்லோய் 31-வது இடத்துக்குச் சரிந்தார்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அன்று காலையிலிருந்து செயின்ட் பாய் சுமந்த முதல் ஆள் ஷ்லோய் இல்லை. அவருக்கு முன்பே ஒரு ரஷ்ய வீராங்கனை அதே குதிரையில் ஏறியிருந்தார். அவரிடமும் அது தாண்ட மறுத்தது. அதாவது, குதிரை ஒருமுறை சொல்லிவிட்டது. யாரும் காது கொடுக்கவில்லை. இந்தப் போட்டியில், முன்பின் பழகாத குதிரையோடு பழக வீரருக்குக் கிடைத்தது வெறும் 20 நிமிடம். பொண்ணு பார்க்கப் போனால்கூட அதைவிட அதிக நேரம் ஆகும்! சர்ச்சை ஓயாததால், பாரிஸ் ஒலிம்பிக்கோடு குதிரையேற்றத்தை இந்தப் போட்டியிலிருந்து நீக்க முடிவானது. அதற்குப் பதிலாகத் தடை ஓட்டம் வந்திருக்கிறது.

'சண்டி' என்ற முத்திரை

சொன்ன பேச்சு கேட்காத குதிரைக்கு நம் ஊரில் ஒரே பெயர்தான்: சண்டிக்குதிரை. ஆங்கிலேயன் ஊரிலும் ஜெர்மனியிலும் அதே பொருளில் வேறு வேறு சொற்கள். திமிர், சோம்பல், பிடிவாதம் என்று மனிதக் குணங்களைக் குதிரைமேல் ஏற்றிவிட்டால் நம் வேலை சுலபமாகிவிடுகிறது. சாட்டையை எடுத்தால் போதும்.

ஆனால் பல ஆண்டுகள் சாதுவாக நடந்த குதிரை, ஒருநாள் காலையில் கெட்ட குணத்தோடு எழுந்திருப்பதில்லை. திடீர் மாற்றத்துக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது வலி.

பிரிட்டனைச் சேர்ந்த குதிரை மருத்துவர் சூ டைசன் இதைத்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆள் ஏறியிருக்கும் குதிரை வலியை எப்படிக் காட்டும் என்று 24 அடையாளங்களை 2018-ல் தொகுத்து வெளியிட்டார். காதுகளை ஐந்து நொடிக்கு மேல் பின்னோக்கி மடக்கி வைத்திருப்பது, கண்ணின் வெள்ளை திரும்பத் திரும்பத் தெரிவது, வெறித்த பார்வை, பற்கள் தெரிய வாயைத் திறந்தபடியே இருப்பது, நாக்கை வெளியே தள்ளுவது, வாலைச் சுழற்றிச் சுழற்றி அடிப்பது, அடிக்கடி தடுக்குவது, முன்னே போக மறுப்பது, முன்னங்கால்களைத் தூக்கி எழும்புவது... இப்படிப் போகிறது பட்டியல். ஒன்றிரண்டு எந்தக் குதிரையிடமும் இருக்கும். எட்டு அல்லது அதற்கு மேல் தெரிந்தால், எலும்பிலோ தசையிலோ மூட்டிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் முக்கியமான சோதனை என்ன தெரியுமா? சந்தேகப்படும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, அதே ஆளை அதே குதிரையில் ஏற்றிப் பார்த்தார்கள். சிறிது நேரத்துக்கு முன் 'அடங்காப்பிடாரி'யாக இருந்தது, வலி மறைந்ததும் இயல்பாக நடந்தது. குணம் கெட்டிருந்தால் ஊசிக்கு எப்படி அடங்கும்?

வாய், முதுகு, வயிறு

வலி எங்கிருந்து வரும்? முதலில் வாயைப் பார்க்கச் சொல்கிறார்கள். குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயத் தேய மேலெழும்பிக்கொண்டே இருக்கும். ஒழுங்காகத் தேயாவிட்டால் ஓரங்கள் கத்திபோல் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பல்லும் முளைத்திருக்கும். கடிவாள இரும்பு அதில் இடித்தால், லகானை இழுக்கும்போதெல்லாம் தலையை உதறும். பார்ப்பவருக்கு அது திமிர். பல் வைத்தியரிடம் போன அனுபவம் உள்ளவர்களுக்குப் புரியும்.

அடுத்தது முதுகு. ஓர் ஈ உட்கார்ந்தால்கூட அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும் பிராணி இது. அத்தனை நுட்பமான உணர்வுள்ள முதுகில், சரியாகப் பொருந்தாத சேணத்தைப் போட்டு, அதன்மேல் 60, 70 கிலோ ஆளை ஏற்றினால் என்ன ஆகும்? போன வருடம் கச்சிதமாக இருந்த சேணம் இந்த வருடமும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. தீனி, வேலை, வயது இவற்றுக்கு ஏற்பக் குதிரையின் தசை ஏறும், இறங்கும். பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைக்குப் பழைய செருப்பு கடிப்பதைப்போலத்தான்.

வயிறு தனிக்கதை. நம் வயிறு சாப்பாட்டை எதிர்பார்த்து அமிலத்தைக் கூட்டும். குதிரையின் வயிறு நாள் முழுக்க, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். மேய்ந்துகொண்டே இருக்கப் படைக்கப்பட்ட உடல் அது. லாயத்தில் கட்டிப்போட்டு, புல்லைக் குறைத்து, இரண்டு வேளை தானியம் மட்டும் போட்டால், காலியான வயிற்றில் அமிலம் தெறித்துப் புண்ணாகிறது. பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் உண்டு. வயிற்றைச் சுற்றி வாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வருகிற குதிரைக்கு ஆத்திரம் உங்கள்மேல் இல்லாமல் இருக்கலாம்.

குளம்பு, லாடம், மூட்டு என்று இன்னும் பல உண்டு. நொண்டினால்தானே வலி என்று நினைப்பதும் தவறு. ஆரோக்கியமாக இருப்பதாக உரிமையாளர்கள் நம்பிய 506 விளையாட்டுக் குதிரைகளைப் பரிசோதித்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய பாதிக் குதிரைகளின் நடையில் கோளாறு இருந்தது. தினமும் ஏறிச் சென்றவர்களுக்கே தெரியவில்லை.

பயம் வந்தால்...

வலி இல்லை என்று உறுதியான பிறகுதான் பயத்தின் பக்கம் போக வேண்டும். 2024 ஏப்ரல் 24 அன்று லண்டனில், அரச குதிரைப்படையின் குதிரைகள் காலைப் பயிற்சிக்குப் போயின. பக்கத்துக் கட்டட வேலையில் பொருட்கள் மேலிருந்து விழ, அந்தச் சத்தத்தில் மிரண்டு வீரர்களைத் தள்ளிவிட்டு நகரின் நடுவே ஓடின. கார்களிலும் ஒரு பேருந்திலும் மோதின. மார்பெல்லாம் ரத்தமாக ஒரு வெள்ளைக் குதிரை ஓடிய படம் அன்று உலகம் முழுக்கச் சுற்றியது. கூட்டத்துக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் பழக்கப்பட்ட குதிரைகளே அப்படி ஓடின. ஆபத்து என்றால் முதலில் ஓடு, பிறகு யோசி என்பதுதான் அந்த இனம் பிழைத்த வழி. நல்லவேளை, அவை பிழைத்தன. அவற்றில் மூன்று, அதே ஜூன் மாதம் மன்னரின் பிறந்தநாள் அணிவகுப்பில் நடந்தன.

மேலே உட்கார்ந்திருப்பவரின் பயமும் இறங்கும். ஸ்வீடனில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வு சுவாரஸ்யமானது. குதிரையோடு ஒரே பாதையில் நான்கு முறை போகச் சொன்னார்கள். நான்காவது முறை போகும்போது பக்கத்தில் ஒரு குடை படாரென விரியும் என்றும் சொல்லி வைத்தார்கள். குடை விரியவே இல்லை. ஆனால் அந்த நான்காவது முறையில் மனிதரின் இதயத் துடிப்பு கூடியது. கூடவே, குடையைப் பற்றி எதுவும் அறியாத குதிரையின் துடிப்பும் கூடியது.

அலெக்சாண்டரின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். யாராலும் அடக்க முடியாத பியூசிபாலஸ், தன் நிழலைப் பார்த்தே மிரள்கிறது என்று அந்தச் சிறுவன் கண்டுபிடித்தானாம். சூரியனை நோக்கித் திருப்பி நிறுத்தினான், நிழல் பின்னால் போனது, ஏறிக்கொண்டான் என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். வீரத்தைவிட அங்கே வேலை செய்தது கவனிப்பு.

சவாரிக்குப் போகிறீர்களா?

மெரினாவிலோ ஊட்டியிலோ பிள்ளையைக் குதிரையில் ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சேணத்தின் அடியில் புண் இருக்கிறதா? வாயோரம் வெடித்திருக்கிறதா? ஆள் பக்கத்தில் போனதும் காது பின்னால் ஒட்டிக்கொள்கிறதா? ஆம் என்றால் வேறு குதிரை பாருங்கள். நேரே பின்னால் போய் நிற்க வேண்டாம். தலையைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசையும் தெரியும் அதற்கு, முதுகுக்கு நேர் பின்னால் தெரியாது.

குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒரே கேள்வி: மாற்றம் தொடங்கிய வாரத்தில் வேறு என்ன மாறியது? புது லாடமா, புதுத் தீனியா, புது ஆளா, கூடவே கட்டியிருந்த ஜோடிக் குதிரையை விற்றுவிட்டீர்களா? நாள் குறித்து எழுதி வையுங்கள். செல்போனில் வீடியோவும் எடுங்கள். மருத்துவரிடம் போனதும் குதிரை நல்ல பிள்ளையாக நின்றுவிடும் என்பதால் இந்த வீடியோ பெரிதும் உதவும்.

காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்த மறுநாளே எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதுகுப் புண் ஆறியிருக்கும். ஆனாலும் சேணத்தைக் கையில் எடுத்ததும் காது மடங்கும், உடம்பு விறைக்கும். அது வலியல்ல, வலியின் ஞாபகம். அந்த வாரங்களில் சேணம் வேண்டாம், கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போனால் போதும்.